மண்ணின் கரிமப் பொருளை நிறமாலையால் மதிப்பிடுதல்

மட்கு மிகுந்த மண் கறுத்திருக்கும் என்பது உழவர் கண்ணுக்குப் பழகிய செய்தி. அந்தக் கண்ணறிவை எண்ணாக்கித் தருவது இம்முறை. மண்ணை உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, சிறு கிண்ணத்தில் சமமாகப் பரப்பி ஒளி பாய்ச்சுவார்கள். 350 முதல் 2500 நானோமீட்டர் வரை ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பதைக் கருவி சில நொடிகளில் பதிந்துகொள்ளும். கரிமப் பொருளிலுள்ள கார்பன்–ஹைட்ரஜன், நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் சில அலைநீளங்களை உறிஞ்சும். அண்மை அகச்சிவப்புப் பகுதியில் இந்த உறிஞ்சல் சுவடுகள் மங்கலானவை, ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. புள்ளியியல் கணிப்பு இல்லாமல் பிரித்தறிய முடியாது.

கணிப்புக்கு அடிப்படை வேதி ஆய்வே. 1934இல் வெளியான வாக்லி–பிளாக் முறை பொட்டாசியம் டைகுரோமேட்டையும் கந்தக அமிலத்தையும் கொண்டு கரிமக் கார்பனை அளக்கிறது. அத்தகைய அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் நிறமாலைக் கணிப்பு மாதிரியைப் பழக்குகிறார்கள். பழக்குவதற்குப் பல மண் மாதிரிகள் வேண்டும்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 லூக்காஸ் நில ஆய்வில் ஏறத்தாழ 20,000 மேல்மண் மாதிரிகள் திரட்டப்பட்டன. ஆனால் ஓரிடத்து மண்ணில் பழக்கிய கணிப்பு மாதிரியை வேறிடத்து மண்ணுக்கு அப்படியே பொருத்துவது தவறு. வயலில் நேரடியாக அளக்கும்போது ஈரமே பெருந்தொல்லை: 1400, 1900 நானோமீட்டரை ஒட்டி நீர் வலுவாக உறிஞ்சுகிறது, நனைந்த மண் கறுத்துத் தோன்றி மட்கு மிகுதிபோல் காட்டும்.