நூலுரிமையும் மின்னூலகமும்

பாரதியார் 1921இல் மறைந்தார். சட்டக்கெடு முடியுமுன்பே, 1949இல் சென்னை மாகாண அரசு அவர்தம் நூலுரிமையைப் பெற்றுப் பொதுவுடைமையாக்கிற்று. அவ்வழியை நாம் மறத்தலாகாது.

நடப்பிலுள்ள 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிக நோக்கற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள நூலைப் பாதுகாப்பிற்காக மின்வடிவில் சேமிக்க இசைகிறது. இணையவழி எவர்க்கும் வழங்க இசையவில்லை. உரிமையாளரைக் கண்டறிய இயலாத நூலுக்கு உரிமம் கோரலாம். ஆயின் நூல்தோறும் தனித்தனியே முயல வேண்டும். ஆகவே, கள்ளக்குறிச்சியில் அச்சுப்படி கிடைக்காது மின்னூலகத்தை நாடும் கல்வராயன் மலை மாணவர்க்கு, படியெடுத்துவைத்த நூலும் எட்டாக்கனியே.

நூல்களை வக்ஃபு செய்தல் இஸ்லாமியக் கல்வி மரபு. உரிமைபெற்ற வழித்தோன்றல்கள் தம் முன்னோர் நூல்களை அவ்வாறே பொதுவில் வைப்பின், அது நிலைத்த அறமாகும் என்போம்.