மனநோயாளியின் சீட்டை யார் யார் படிக்கலாம்? 1858 முதல் 2017 வரை

போன வருஷம் உறவுக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். ஓ.பி. நோட்டுகளை மேஜை மேல் அடுக்கி வைத்து, பெயரையும் ஊரையும் சேர்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். வரிசையில் எங்கள் சிதம்பரம் தெருக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அடுத்த மாதம் மாத்திரை வாங்க உறவுக்காரர் கிளம்பவே இல்லை. "வேற எங்கயாவது போலாம், அங்க வேணாம்" என்றார். அவ்வளவுதான்.

நான் சாஃப்ட்வேர்க்காரன். எந்தத் தகவலை யார் பார்க்கலாம் என்று அனுமதி வைப்பது எங்களுக்கு அன்றாட வேலை. அந்த நோட்டைப் பார்க்க யாருக்கெல்லாம் அனுமதி உண்டு என்று சட்டங்களைத் தேட ஆரம்பித்து, 1858 வரைக்கும் போய்விட்டேன்.

அந்த வருஷத்து 36ஆம் சட்டப்படி, மனநோயாளி என்று கருதப்பட்டு ஊரில் அலைகிறவரைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மருத்துவர் சான்று கொடுத்தால் காப்பகத்துக்கு அனுப்பலாம். அப்போது சிதம்பரம், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. பெரிய காப்பகம் சென்னையில். 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில். இங்கிருந்து ஒருவர் அங்கே போய்ச் சேருவதற்குள் காவலர், மாஜிஸ்திரேட், குமாஸ்தா என்று எத்தனை கைகளில் அவர் கதை போயிருக்கும், யோசித்துப் பாருங்கள். நோய் அப்போது போலீஸ் காகிதம்.

1912ஆம் வருஷச் சட்டத்தின் மருத்துவச் சான்றுப் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. மருத்துவர் தானே கவனித்தது ஒன்று. பிறர் சொன்னது, யார் சொன்னார்கள் என்ற விவரத்தோடு, இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் பேச்சும் ஆவணத்தில் ஏறிவிடும்.

இப்படி ஏறுவது எவ்வளவு நம்பகமானது? 1893-94இல் கஞ்சா பற்றி விசாரித்த ஆணையம் இதைச் சோதித்தது. 1892இல் பிரிட்டிஷ் இந்தியக் காப்பகங்களில் சேர்ந்தவர்கள் 1,344 பேர். அதில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா வகைப் போதை என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றாக விசாரித்தபோது 98 பேருக்குத்தான் அப்படிச் சொல்ல இடமிருந்தது, அதிலும் 37 பேருக்கு வேறு காரணங்களும் கலந்திருந்தன. போலீஸ் அனுப்பிய தாளில் இருந்த வார்த்தையையே பல இடங்களில் பதிவேட்டில் ஏற்றியிருந்தார்கள். தவறான தகவலும் ஒருவர் பெயரோடு ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

அடுத்து 1987ஆம் வருஷ மனநலச் சட்டம். அமலுக்கு வந்தது 1993 ஏப்ரலில். தென்னாற்காடு பிரிந்து கடலூர் தனி மாவட்டமானதும் அதே வருஷம்தான். ஆய்வுக்கு வரும் அதிகாரி தான் பார்த்த நோயாளியின் ஆவணத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி உண்டு. அது அதிகாரிக்குப் போட்ட நிபந்தனை. நோயாளியின் உரிமை என்று ரகசியத்தைத் தெளிவாகச் சொன்னது 2017ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம்தான்.

பிரிவு 23: நோய், சிகிச்சை பற்றிய தகவலை ரகசியமாக வைக்கக் கோரும் உரிமை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. பிரிவு 24: சம்மதமில்லாமல் படமோ தகவலோ ஊடகத்துக்குப் போகக் கூடாது, கணினியில் இருப்பதற்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. பிரிவு 25: தன் மருத்துவ ஆவணத்தைத் தானே பார்க்கும் உரிமை. குறை இருந்தால் பிரிவு 28இன் கீழ் முதலில் பொறுப்பு மருத்துவ அலுவலரிடமும், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் செய்யலாம்.

கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எங்கள் துறையில் நினைப்போம். அன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் உடைபடவில்லை. ஒரு குரல்தான் கேட்டது. பெயருக்குப் பதிலாக டோக்கன் எண், கவிழ்த்து வைத்த நோட்டு, இது போதும். செலவே கிடையாது.

பழைய காப்பக அறிக்கைகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. படிக்கும்போது நோயாளி பெயர் கண்ணில் பட்டால் இங்கே எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நூறு வருஷம் ஆனாலும் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கலாம்.

உறவுக்காரர் இப்போது புதுச்சேரிக்குப் போய் மாத்திரை வாங்குகிறார். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகிறது. நடுவில் இரண்டு மாதம் மாத்திரை இல்லாமல் இருந்ததைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.