குழப்படியின் ஊற்று: யூனியன்வில் தமிழ்க் குடும்பங்களில் கனிவான வளர்ப்பும் குடும்பத் துணையும்

ஆய்வுச் சுருக்கம்

சிறு பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்களைப் பெற்றோரின் திறமைக் குறைவாகக் கண்டு, அவர்களுக்குப் பயிற்சி அளிப்பதே தீர்வு எனக் கருதும் போக்கு பரவலாக உள்ளது. கனிவும் உறுதியும் சேர்ந்த வளர்ப்பு பிள்ளையின் நடத்தையைச் சீராக்கும் என்பதை இக்கட்டுரை ஏற்கிறது. ஆனால் வளர்ப்பவரைத் தாங்க ஆளில்லாத வீட்டில் அத்தகைய வளர்ப்பு நிலைக்காது என்று வாதிடுகிறது. ரொறன்ரோவுக்கு அருகிலுள்ள யூனியன்வில்லையும் அதனைச் சூழ்ந்த மார்க்கம் நகரையும் சேர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களின் சூழலை முன்வைத்து, வட இலங்கையிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகளின் துணையோடு இவ்வாதம் கட்டப்படுகிறது.

1. ஒரு சொல்லின் பொருள்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் பிள்ளையின் அடங்காமைக்குக் ‘குழப்படி’ என்று பெயர். ‘பிள்ளை சரியான குழப்படி’ என்று மார்க்கத்துத் தாய்மாரும் இன்றுவரை சொல்கிறார்கள். குழப்புதல் என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. தெளிந்து கிடந்ததைக் கலக்குவது என்பது அதன் அடிப்பொருள். கலங்கிய நீரைக் காண்பவர் கலக்கியது யார் என்று கேட்பது இயல்பு. பிள்ளையின் விடயத்தில் மட்டும் அக்கேள்வியை நாம் கேட்பதில்லை; குழப்படியைப் பிள்ளையின் குணமாகவே எழுதிவிடுகிறோம்.

இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்குத் தன் சினத்தையும் ஏமாற்றத்தையும் தானே அடக்கும் ஆற்றல் இன்னும் கைவரவில்லை. அதற்குத் துணைசெய்யும் மூளையின் முன்பகுதி இளமைப் பருவம் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதுவரை பிள்ளை தன் அமைதியைப் பெரியவரிடமிருந்து கடன் வாங்குகிறது. பெரியவரிடம் அமைதி இல்லாத வேளையில் பிள்ளைக்குக் கிடைப்பதும் கலக்கமே. ஆகவே குழப்படியை ஒரு வீட்டின் நிலையாகப் படிப்பதே பொருத்தமான தொடக்கம்.

2. கனிவும் உறுதியும்

இவ்வாறு படிக்கும் மரபுக்கு ரொறன்ரோவில் ஆழமான வேர் உண்டு. உளவியலாளர் வில்லியம் பிளாட்ஸ் தலைமையில் 1925இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் ஆய்வு நிறுவனம் தொடங்கியது. பெற்றோரிடம் பாதுகாப்பை உணர்ந்த பிள்ளையே துணிந்து வெளியுலகை ஆராயும் என்பது அவருடைய கோட்பாடு. அவருடைய மாணவி மேரி எயின்ஸ்வர்த் 1939இல் அப்பொருளிலேயே முனைவர் பட்டம் பெற்றார். 1954–55இல் உகண்டாவிலும் பின்னர் அமெரிக்காவின் போல்ற்றிமோரிலும் தாய் சேய் உறவை வீடுவீடாகச் சென்று கவனித்தார். பிள்ளையின் குறிப்பறிந்து உடன் பதிலளிக்கும் தாயின் பிள்ளை பிடிவாதக்காரனாகவோ ஒட்டுண்ணியாகவோ ஆவதில்லை, மனம் நிலைகொண்ட பிள்ளையாக வளர்கிறது என்பது அவ்வாய்வுகள் தந்த தெளிவு. ‘தூக்கித் தூக்கிப் பழக்காதே, கெட்டுப்போகும்’ என்ற எச்சரிக்கைக்கு இதைவிட வலுவான மறுமொழி இல்லை.

கனிவு என்றால் விட்டுக்கொடுத்தல் என்று பலர் மயங்குகிறார்கள். 1960களில் அமெரிக்காவின் பேர்க்லியில் பாலர் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்த டயானா பாம்ரிண்ட் மூன்று வகை வளர்ப்பைப் பிரித்துக் காட்டினார்: வெறும் அதிகாரம், வெறும் தளர்வு, அன்போடு கூடிய உறுதி. மூன்றாவது வகையில் வளர்ந்த பிள்ளைகளிடமே தன்னடக்கமும் தன்னம்பிக்கையும் சேர்ந்து காணப்பட்டன. முதல் இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும் ஒரே வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடியவை.

அது எப்படி நிகழ்கிறது என்பதை ஓரிகனில் பணியாற்றிய ஜெரால்ட் பற்றர்சன் 1982இல் விளக்கினார். அவர் காட்டிய பொறிமுறையை நம் வீட்டு மாலை ஒன்றில் பொருத்திப் பார்க்கலாம். ‘ரப்லெட்டை வை, சாப்பிட வா’ என்கிறார் தாய். பிள்ளை கத்துகிறது. களைத்திருக்கும் தாய் ‘சரி, இன்னும் பத்து நிமிடம்’ என்கிறார். கத்தல் நிற்கிறது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. கொடுத்தால் அமைதி வரும் என்று தாய் கற்றுக்கொள்கிறார். இன்னொரு நாள் அவர் பொறுமை இழந்து அடிக்கிறார். அப்போதும் கத்தல் நிற்கிறது. அடித்தால் அடங்கும் என்பது அன்றைய பாடம். இருவரும் ஒருவரையொருவர் பயிற்றுவிக்கும் இந்தச் சுழலில் குரலும் கையும் நாளுக்கு நாள் உயர்கின்றன. கனிவான வளர்ப்பு இச்சுழலை அதன் தொடக்கத்திலேயே மாற்றுகிறது: முன்கூட்டிச் சொல்லுதல், சொன்னதில் நிற்றல், அமைதியாகச் செய்ததைக் கண்டு பாராட்டுதல். மூன்றுக்கும் வேண்டிய முதல் மூலதனம் தாயின் நிதானம்.

3. அடி நம் மரபா?

அடியாத மாடு படியாது, அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவான் என்ற பழமொழிகளைக் காட்டி அடியைத் தமிழ் மரபென்று நிறுவுவோர் உண்டு. சான்றுகள் அவர்களுக்கு எதிராக உள்ளன. எலிசபெத் கெர்ஷொவ், அன்ட்ரூ குரோகன்-கெய்லர் இருவரும் 2016இல் 75 ஆய்வுகளைத் தொகுத்து ஏறத்தாழ 160,000 பிள்ளைகள் பற்றிய தரவுகளை ஆராய்ந்தார்கள். பிள்ளையைக் கையால் அடிப்பது கூடுதல் முரட்டுத்தனத்தோடும் மனநலக் குறைவோடும் பெற்றோருடனான உறவின் நலிவோடும் சேர்ந்தே வந்தது. நல்ல விளைவு எதனோடும் அது சேரவில்லை.

‘எல்லா வீட்டிலும் அடி விழுந்தால் பிள்ளை அதைப் பெரிதாக எடுக்காது’ என்ற வாதத்தையும் சோதித்திருக்கிறார்கள். ஜெனிபர் லான்ஸ்ஃபோர்டும் அவர் குழுவினரும் இந்தியா, சீனா, கென்யா, இத்தாலி, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. அடி வழக்கமாக உள்ள சமூகத்தில் அதன் தீங்கு ஓரளவு குறைகிறது, ஆனால் மறைவதில்லை. ‘நாங்களும் அடிவாங்கித்தானே வளர்ந்தோம்’ என்பவர்களுக்கு இதில் பாதி ஆறுதலும் முழு எச்சரிக்கையும் உண்டு. யூனியன்வில்லில் பிறந்த பிள்ளைக்கோ அந்தப் பாதி ஆறுதலும் இல்லை. அதன் வகுப்புத் தோழர் பலரின் வீடுகளில் அடி வழக்கமாக இருப்பதில்லை. ஆகவே அதற்கு அடி என்பது தனக்கு மட்டும் நேரும் அவமானமாகிறது.

மரபைச் சற்றே ஆழமாகப் பார்த்தால் வேறு சித்திரம் கிடைக்கிறது. பிள்ளையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையே நம்மிடம் உண்டு. செங்கீரை, சப்பாணி, வருகை என்று ஒவ்வொரு சிறு முன்னேற்றத்தையும் நின்று கவனித்துப் பாராட்டுவது அதன் இயல்பு. அம்புலிப் பருவத்தில் நிலவைப் பிள்ளையோடு விளையாட அழைக்கும்போது சாமம், தானம், பேதம், தண்டம் என்ற நான்கு வழிகளும் வரும். இன்சொல் முதலிலும் தண்டம் கடைசியிலும் நிற்கும் வரிசை அது. அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு அதற்கு மரபு என்று பெயரிடுவது முறையாகாது.

சட்டம் இங்கே அரைகுறையாக நிற்கிறது. கனடாவின் குற்றவியல் சட்டம் 43ஆம் பிரிவின்படி திருத்தும் நோக்கில் பெற்றோர் ‘நியாயமான’ வலுவைப் பயன்படுத்தலாம். உச்ச நீதிமன்றம் 2004இல் அதைச் சுருக்கியது: இரண்டு வயதுக்குக் குறைந்தோரையும் பதின்வயதினரையும் அடிக்கலாகாது, பொருளால் அடிக்கலாகாது, முகத்திலும் தலையிலும் அடிக்கலாகாது. கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் அப்பிரிவையே நீக்கும்படி கோரியது. சட்டம் எல்லையை வரையலாம். நிதானத்தைத் தர அதனால் இயலாது.

4. தாங்குவோரைத் தாங்குவது

நிதானம் எங்கிருந்து வருகிறது? 2002இல் மோர்ட்டன் பைசரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிர்பாராத விடை தருகிறது. கனடாவில் புதிதாகக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஏழ்மையில் வாழும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட இரு மடங்குக்கும் மேல். இருந்தும் அவர்களிடம் மனநல, நடத்தைச் சிக்கல்கள் குறைவாகவே இருந்தன. இந்நாட்டில் வேரூன்றிய ஏழைக் குடும்பங்களில் வறுமை பெற்றோரின் மனச்சோர்வு, குடும்பச் சிதைவு, வளர்ப்பின் குலைவு ஆகியவற்றின் வழியே பிள்ளையைச் சேர்ந்தது. புதியவர்களின் வீடுகளில் குடும்பம் குலையாமல் நின்றது பிள்ளையைக் காத்திருக்கலாம்.

ஈழத்தமிழர் வரலாறு இதற்கு இன்னொரு முகத்தைச் சேர்க்கிறது. 1983க்குப் பின் ரொறன்ரோவுக்கு வந்தோர் போரைச் சுமந்து வந்தார்கள். போரையும் ஆழிப்பேரலையையும் கண்ட வடகிழக்கிலங்கைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் 296 பேரை ஆராய்ந்து குளோடியா கற்றானி குழுவினர் 2008இல் வெளியிட்ட கட்டுரை, போரின் காயமும் வீட்டு வன்முறையும் பிணைந்தே வருவதைக் காட்டியது. ஸ்ரீஸ்கந்தராஜா, நொய்னர், கற்றானி மூவரும் வட இலங்கையில் 7 முதல் 11 வயது வரையான 359 தமிழ்ப் பிள்ளைகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கையைத் தந்தது: பெற்றோரின் பரிவு நிறைந்த வீடுகளில் பேரிடரின் அச்சமும் சோர்வும் பிள்ளையை அதே அளவில் பற்றவில்லை. இவர்கள் பாலர் பருவத்தைக் கடந்த பிள்ளைகள் என்பதை மறக்கலாகாது. ஆயினும் பெற்றோரையே முழுமையாகச் சார்ந்திருக்கும் சிறு பிள்ளைக்கு இக்காப்பு குறைவாகத் தேவைப்படும் என்று எண்ண இடமில்லை.

வளர்ப்பவர் ஒருவராகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஹவாயின் கவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 பேரை எமி வேர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். கடும் இடர்களுக்கிடையே பிறந்தும் நன்கு வளர்ந்தோரின் வாழ்வில் தாத்தா, பாட்டி, மூத்த உடன்பிறந்தார், அயலவர் என யாரேனும் ஒருவர் உறுதியாக நின்றிருந்தார். யாழ்ப்பாணத்தின் வடமராட்சியிலோ தீவகத்திலோ முற்றத்தில் பிள்ளை அழுதால் தூக்க நாலு கை நீண்டது. தாய் சினந்த வேளையில் பிள்ளை ஓடி ஒளிய அம்மம்மாவின் மடி இருந்தது. அந்த மடி பிள்ளைக்கு ஒதுங்கிடமானது. தாய்க்கு மூச்சுவிடும் இடைவேளையும் ஆனது.

5. யூனியன்வில்லின் நிலை

இன்றைய யூனியன்வில் மார்க்கம் நகரின் பகுதி. பழைய மெயின் வீதியும் டூகுட் குளமும் ஊருக்கு அமைதியான முகத்தைத் தருகின்றன. மார்க்கத்தில் ஆங்கிலம், கன்ரனீஸ், மன்டரின் மொழிகளுக்கு அடுத்து அதிகம் பேரின் தாய்மொழி தமிழ். இங்கு உறவினர் இல்லாமல் இல்லை. காரில் சென்று காணவேண்டிய தொலைவில் இருக்கிறார்கள். வீட்டுக்கடனுக்காகப் பெற்றோர் இருவரும் உழைக்கிறார்கள். யூனியன்வில் கோ ரயில் நிலையத்திலிருந்து நகர மையத்துக்குப் போய்த் திரும்பும் தந்தைக்கும், இரவு முறை வேலைக்குப் புறப்படும் தாய்க்கும் இடையே மாலை நழுவிவிடுகிறது. பிள்ளைக்கு அதிகப் பொறுமை தேவைப்படும் நேரமே பெற்றோரிடம் பொறுமை குறைந்த நேரம்.

அம்மம்மாவும் அப்பப்பாவும் வந்து தங்குவது இதற்கு நாம் கண்ட விடை. 2011 முடிவில் தொடங்கிய சூப்பர் விசாவின்படி, 2022 யூலை முதல் அவர்கள் ஒரு வருகையில் ஐந்து ஆண்டுகள் தங்கலாம். அதற்குக் குறைந்தது 100,000 டொலருக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். பிள்ளை வளர்ப்பில் பாதியைச் சுமப்பவரைச் சட்டம் நீண்டகால விருந்தாளியாகவே காண்கிறது. வசதி குறைந்த வீட்டுக்கு, அதாவது துணை அதிகம் வேண்டிய வீட்டுக்கு, இந்த வாயில் குறுகியது.

வந்தபின்னும் மொழி குறுக்கிடுகிறது. பாலர் வகுப்பில் சேர்ந்ததும் பிள்ளை ஆங்கிலத்துக்கு மாறுகிறது. கோபம், பயம், ஏக்கம் என்ற சொற்களை அது தமிழில் இழக்கும்போது, தன்னை ஆற்றக்கூடிய ஒருவரிடம் தன் மனத்தைச் சொல்லும் வழியையும் இழக்கிறது. வீட்டில் தமிழைக் காப்பது பண்பாட்டுக் கடமை என்றே பேசப்படுகிறது. அது பிள்ளையின் மனநலத்துக்கான முதலீடும் ஆகும்.

பொது அமைப்புகளும் உண்டு. ஒன்ராறியோ 2018 தொடக்கத்தில் தன் பழைய குடும்ப நிலையங்களை ஒன்றிணைத்து ஏர்லி-ஓன் நிலையங்களை உருவாக்கியது. ஆறு வயது வரையான பிள்ளைகளோடு பெற்றோரோ பாட்டனாரோ கட்டணமின்றிச் சென்று விளையாடலாம், ஆலோசனை பெறலாம். நான்கு, ஐந்து வயதினருக்கான முழுநாள் பாலர் வகுப்பு 2014க்குள் மாகாணம் முழுவதும் வந்தது. இவை உயர்ந்த ஏற்பாடுகள். ஆனால் பகலில் இயங்கும் நிலையத்துக்குப் பகலில் வேலை செய்யும் தாய் வர இயலாது. ஆங்கிலத்தில் நடக்கும் வட்டத்தில் அம்மம்மா வாய்திறவாது அமர்ந்திருப்பார்.

6. எழக்கூடிய மறுப்புகள்

சில பிள்ளைகள் பிறவியிலேயே துடிப்பானவர்கள், பெற்றோர் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். உண்மைதான், பிள்ளையின் இயல்பும் பெற்றோரை உருவாக்குகிறது. துடிப்பான பிள்ளை பெற்றோரின் பொறுமையை விரைவில் தீர்த்துவிடும். அதனால் அந்த வீட்டுக்குத் துணை இன்னும் கூடுதலாக வேண்டும் என்பதே இதன் முடிவு. பேச்சுத் தாமதம், மதியிறுக்கம் போன்றவை ஐயுறப்பட்டால் மருத்துவ மதிப்பீட்டைத் தள்ளிப்போடலாகாது; குழப்படி என்ற சொல்லால் அவற்றை மூடுவது பிள்ளைக்கு இழைக்கும் தீங்கு.

கூட்டுக் குடும்பத்திலும் அடியும் ஓரவஞ்சனையும் இருந்தனவே என்பது அடுத்த மறுப்பு. ஆட்கள் நிறைந்திருப்பது மட்டும் துணையாகாது. தாய் மறுத்ததைப் பாட்டி மறைவில் கொடுத்தால் பற்றர்சன் சொன்ன சுழல் மூன்றாவது கையால் சுழலும். பிள்ளையின் முன்னிலையில் மருமகளைக் குறைசொல்லும் மாமியாரும் துணையல்லர். பெரியவர்கள் இரண்டு மூன்று விதிகளில் ஒத்துப்போவதும், ஒருவர் களைத்ததை மற்றவர் கண்டு பிள்ளையை வாங்கிக்கொள்வதுமே துணை.

7. முடிவுரை

பெற்றோருக்கு மட்டும் பாடம் எடுக்கும் திட்டங்கள் குறையுடையவை. பாட்டன் பாட்டியரையும் சேர்த்துத் தமிழில் நடத்தும் வளர்ப்பு வகுப்புகள் வேண்டும். ஏர்லி-ஓன் நிலையங்களில் மாலையிலும் வார இறுதியிலும் தமிழ் பேசும் அமர்வுகள் வேண்டும். வார இறுதித் தமிழ் வகுப்புகளும் கோயில்களும் தேவாலயங்களும் பெற்றோர் ஒருவர்க்கொருவர் பிள்ளை பார்க்கும் வட்டங்களை அமைக்கலாம். மண்டபமும் மக்களும் ஏற்கெனவே அங்கே உண்டு. போரின் காயத்தோடு வாழும் பெற்றோருக்கான உளவளத் துணையைப் பிள்ளை நலத்தின் பகுதியாகவே அரசு எண்ணவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக மாறவேண்டியது நாம் கேட்கும் கேள்வி. ‘என்ட பிள்ளை சரியான குழப்படி’ என்று ஒரு தாய் ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ உறவினரிடமோ சொல்லும்போது, ‘நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்றே பெரும்பாலும் கேட்கிறோம். ‘பின்னேரத்தில் வீட்டில் உங்களுக்கு ஆர் துணை?’ என்று கேட்டுப் பார்க்கலாம். ‘ஒருவருமில்லை’ என்று விடை வந்தால், உதவியை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.