படம் எடுத்தால் போதுமா?

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு என்ற பழைய தெரு ஒன்று உண்டு. 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் அத்தீவில் துறைமுகத்தை ஏற்படுத்திய பின்னர், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வந்து குடியேறினார்கள். அவர்களுக்குச் சூலியர் என்று பெயர். அந்தப் பெயரே தெருவுக்கும் நிலைத்துவிட்டது. கடற்கரைப் பக்கம் தொடங்கும் இத்தெரு, மேற்கே பினாங்கு சாலையில் போய் முடிகிறது.

அந்த வணிகர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரிந்திருந்தது. சரக்கு கப்பலிலிருந்து இறங்கிவிட்டால் மட்டும் வியாபாரம் நடந்துவிடாது. யார் வாங்குவார், எந்த மாதத்தில் வாங்குவார், அவர் வீட்டு வாசல்வரை அதை எப்படிக் கொண்டுபோவது என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்தவன்தான் பிழைத்தான். மற்றவன் சரக்கு கிடங்கிலேயே மக்கிப்போயிற்று.

திரைப்படமும் அப்படிப்பட்ட ஒரு சரக்குத்தான். பெரிய முதலாளிகளின் துணையின்றி, சொந்தப் பணத்திலும் நண்பர்களின் உதவியிலும் எடுக்கப்படும் படத்தைச் சுயேச்சைப் படம் என்கிறோம். அதை எடுப்பது பாதி வேலை. மக்களிடம் கொண்டுசேர்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1905ஆம் ஆண்டு திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்துவந்தார் சாமிக்கண்ணு வின்சென்ட். ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் நோய்வாய்ப்பட்டு நாடு திரும்ப விரும்பினார். அவரிடமிருந்த படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கிக்கொண்டார். அந்நாளில் தென்னாட்டில் நிலையான கொட்டகை ஏது? கூடாரத்தைச் சுமந்துகொண்டு அவரே மக்களிடம் போனார். மாட்டுவண்டியில் தப்பட்டை அடித்து, துண்டு நோட்டீசு வீசி, "இன்றிரவு படம்" என்று ஊருக்கு அறிவிப்பதே கூடாரக் கொட்டகைகளின் வழக்கமாயிற்று. பின்னர் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கை அவர் கட்டினார். மக்கள் வரும்வரை காத்திராமல் மக்களைத் தேடிப் போனவர் அவர்.

நம் தோட்டங்களிலும் அதே முறைதானே நடந்தது! திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சம்பளம் போட்ட வாரத்தில், பட்டணத்தில் பினாங்கு சாலையின் ஓடியன் போன்ற கொட்டகைகளுக்குப் போவதும் உண்டு. ஆனால் அந்தத் திரையில் வந்தவை பெரும்பாலும் தமிழ்நாட்டுப் படங்கள். பால்மரக் காடும் லய வீடும் அவற்றில் இல்லை.

நல்ல படமாக இருந்தால் தானாக ஓடாதா என்று சிலர் கேட்கலாம். எழுத்தாளர் ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கி, 'உன்னைப்போல் ஒருவன்' என்ற படத்தை 1965இல் வெளியிட்டார். சேரி மக்களின் வாழ்வைச் சொன்ன அந்தப் படத்துக்குத் தேசிய அளவில் மூன்றாவது சிறந்த படம் என்ற நற்சான்றிதழ் கிடைத்தது. விருது வந்தது, கொட்டகை வரவில்லை. விநியோகஸ்தர்களின் ஆதரவு இல்லாததால் சாதாரண மக்களில் பலருக்கு அதைப் பார்க்க வாய்ப்பே கிட்டவில்லை. யாருடைய கதையோ, அவர்களே பார்க்க முடியாமல் போயிற்று.

வேறு வழி தேடினார் கேரளத்தின் ஜான் ஆபிரகாம். தமிழில் 1977இல் 'அக்ரகாரத்தில் கழுதை' என்ற படத்தைத் தந்தவர் இவர். 1984இல் நண்பர்களுடன் 'ஒடேசா' என்ற குழுவை அமைத்தார். ஊர் ஊராகப் படம் திரையிட்டு, பொதுமக்களிடம் சிறுசிறு தொகையாக நன்கொடை திரட்டி, 1986இல் 'அம்ம அறியான்' என்ற படத்தை முடித்தார்கள். பிறகு, பணம் கொடுத்த அந்த மக்களின் ஊர்களுக்கே அதைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். படம் பிறக்கும் முன்பே பார்ப்பவர்களைச் சேர்த்துவிட்டார்கள் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2005இல் தீபக் குமரன் மேனன் 'செம்மண் சாலை' என்ற படத்தை எடுத்தார். 1960களில் ரப்பர் தோட்டத்தில் வாழும் ஒரு குடும்பமும், மேற்படிப்புக்கு ஏங்கும் ஒரு பெண்ணுமே கதை. பிரான்சு நாட்டின் நாந்து நகரில் நடைபெறும் மூன்று கண்டங்கள் திரைப்பட விழாவில் அதற்கு நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. கையில் பணமில்லாத கலைஞனுக்கு இப்படிப்பட்ட விழாக்களே விளம்பரம். பரிசுச் செய்தி பத்திரிகையில் வந்தால், அதுவரை ஏறெடுத்துப் பாராதவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பத்தாண்டுகளுக்குப் பின், 2015 டிசம்பர் 17ஆம் நாள் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வெளியாயிற்று. குறும்பு செய்யும் பிள்ளைகளை நம் வீடுகளில் திட்டும் சொல்தான் தலைப்பு. தோட்டத்தைவிட்டு வெளியேறி, பட்டணத்து ஓரத்தில் ஒண்டிக்கொண்ட மக்களின் பிள்ளை ஒருவன் வழிதவறுவதை அது காட்டியது. அதே வாரத்தில்தான் ஹாலிவுட்டின் புதிய 'ஸ்டார் வார்ஸ்' படமும் உலகெங்கும் வந்திறங்கியது. பெரும் பணத்தோடு போட்டியிடும் பணம் இந்தப் படத்துக்கு ஏது? பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்ன சொல்லே அதற்குத் துணை நின்றது. கைப்பேசியிலும் சமூக வலைத்தளங்களிலும் அந்தப் பேச்சு பரவியது. அன்றைய தப்பட்டையின் வேலையை இன்று இவை செய்கின்றன.

2016இல் மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களுக்கென வகுக்கப்பட்ட தனிப் பிரிவில் 'ஜகாட்' முதலில் வைக்கப்பட்டது. இந்தப் பிரிவினை சரியல்ல என்று பல இனக் கலைஞர்களும் குரல் கொடுத்தார்கள். விதி மாற்றப்பட்டது. முடிவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை 'ஜகாட்' பெற்றது. தோட்டத்து மக்களின் கதை நாட்டின் கதையாக ஏற்கப்பட்ட நாள் அது எனலாம்.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடங்கள் எவை? படம் எடுக்க விரும்பும் இளைஞர்கள், யாருக்காக எடுக்கிறோம் என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் படப்பிடிப்பிலேயே செலவழித்துவிடாமல், வெளியீட்டுக்கென்று ஒரு பங்கை எடுத்து வைக்க வேண்டும். சம்பள நாள், பள்ளி விடுமுறை, பெரிய படங்களின் வரவு ஆகியவற்றைக் கணக்கிட்டு நாளைக் குறிக்க வேண்டும். கோயில் மண்டபத்திலும் பள்ளித் திடலிலும் காட்டத் தயங்கக்கூடாது.

பார்க்கும் நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. படம் வெளியான முதல் சில நாட்களின் கூட்டத்தைப் பார்த்தே அதை நீட்டிப்பதா, தூக்குவதா என்று கொட்டகைக்காரர் முடிவு செய்கிறார். "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் இருந்துவிட்டால், அடுத்த வாரம் அந்தப் படம் அங்கே இராது. வட்டியில்லாமல் போன முதலைக் கண்டு, அடுத்த படத்துக்குப் பணம் போட யாரும் முன்வரமாட்டார்கள். செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட எத்தனையோ தோட்டங்களின் வாழ்க்கை, சொல்லப்படாமலே மறைந்துபோகும்.

சூலியா தெருவின் வணிகன் சரக்கைத் தன் தோளில் சுமந்து வாசலுக்குக் கொண்டுவந்தான். நம்மவர் படத்தை நம் ஊர்வரை கொண்டுவரும்போது, கதவைத் திறந்து வரவேற்பது நம் கடமையல்லவா?