வழுவும் தூய்மையும்: ஷாக்ஸ் சகோதரிகளின் ஒரே இசைத்தட்டு

ஒரு இசைத்தட்டை உலகத்திலேயே ஆக மோசமானது என்கிறார்கள். அதையே ஆக உன்னதமானது என்றும் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டையும் சொல்வது பல சமயம் ஒரே ஆள், ஒரே கட்டுரையில். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஃப்ரீமாண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த விக்கின் சகோதரிகள் ‘ஷாக்ஸ்’ என்ற பெயரில் 1969இல் பதிவுசெய்த ‘ஃபிலாசஃபி ஆஃப் தி வேர்ல்டு’, அதாவது ‘உலகத்தின் தத்துவம்’, என்ற தட்டுதான் அது. குழு இயங்கிய காலத்தில் வெளிவந்த ஒரே தட்டும் அதுதான். அந்த இசை நல்லதா கெட்டதா என்ற பஞ்சாயத்துக்குள் இக்கட்டுரை போகப்போவதில்லை. விமர்சகர்கள் அதை எப்படி வாசித்தார்கள், அந்த வாசிப்புக்கு வேண்டிய சொற்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான் நமக்குக் கேள்வி.

1

முதலில் கதை. ஆஸ்டின் விக்கின் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. அவர் இளைஞராக இருந்தபோது அவருடைய தாயார் கைரேகை பார்த்து மூன்று குறி சொன்னாராம். செம்பொன் நிறத் தலைமுடியுள்ள பெண்ணை மணப்பாய். நான் செத்த பிறகு உனக்கு இரண்டு மகன்கள் பிறப்பார்கள். உன் பெண்கள் பெயர்பெற்ற இசைக்குழு ஆவார்கள். முதல் இரண்டும் பலித்துவிட்டன. மூன்றாவதைப் பலிக்கவைப்பது தன் பொறுப்பு என்று ஆஸ்டின் எடுத்துக்கொண்டார். பெண்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். படிப்பு தபால் வழியே. வாத்தியங்கள் வாங்கிக் கொடுத்தார், சொல்லிக்கொடுக்க ஆளும் வைத்தார். டாட் பாட்டும் முதன்மைக் கிடாரும், பெட்டி இரண்டாவது கிடார், கூடவே பாட்டு, ஹெலன் டிரம். காலையில் பயிற்சி, பிற்பகலில் பயிற்சி, அப்பா ஆலையிலிருந்து வந்ததும் அவர் முன்னால் மறுபடியும் பயிற்சி, படுக்கப்போகுமுன் உடற்பயிற்சி. பழக்கவழக்கம், சிநேகம், வெளியே போய்வருவது எல்லாவற்றுக்கும் தடை.

1968 முதல் ஊர் மன்றத்தில் சனிக்கிழமை இரவுகளில் கச்சேரி நடந்தது. ஊர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள், சோடா டப்பாக்களை வீசினார்கள். அடுத்த சனிக்கிழமையும் மேடை ஏறியாக வேண்டும். 1969 மார்ச் 9ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்து ரிவியர் ஊரிலிருந்த ஃப்ளீட்வுட் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஆஸ்டின் அவர்களை அழைத்துப்போனார். இன்னும் கொஞ்சம் பழகிவிட்டு வரட்டுமே என்று அங்கே சொல்லியும் அவர் கேட்கவில்லை. பன்னிரண்டு பாட்டுகள், எல்லாம் டாட் எழுதியவை. ஆயிரம் பிரதிகள் அச்சானதாகவும், பொறுப்பேற்றிருந்த ஆளோடு அவற்றில் தொள்ளாயிரம் மாயமானதாகவும் சொல்கிறார்கள். மிச்சம் நூறு. மதிப்புரை என்று ஒன்றுமில்லை. 1973இல் மன்றக் கச்சேரிகளும் நின்றுபோயின. 1975இல் ஆஸ்டின் மாரடைப்பில் இறந்தார், வயது 47. அவர் போனதோடு குழுவும் போச்சு. சகோதரிகள் வாத்தியங்களை வைத்துவிட்டுத் தத்தம் வாழ்க்கையைப் பார்க்கப் போனார்கள்.

2

கேட்டால் என்ன கேட்கிறது? கிடார்கள் நாம் எதிர்பார்க்கும் சுருதியில் நிற்பதில்லை. டாட்டின் கிடார் பாட்டுக்கு அடித்தளம் போடுவதில்லை. குரல் போகும் இடமெல்லாம் ஸ்வரத்துக்கு ஸ்வரம் பின்னாலேயே போகிறது. வரியின் அசைகள் நீண்டால் தாளமும் நீள்கிறது, குறைந்தால் குறைகிறது. நான்கு நான்காக எண்ணிக்கொண்டு கேட்பவன் மூன்றாவது வரியிலேயே தொலைந்துபோவான். ஹெலனின் டிரம் வேறொரு அறையில் வேறொரு பாட்டுக்கு அடிப்பதுபோல இருக்கிறது. பிறகு எதிர்பாராத ஓரிடத்தில் மூவரும் ஒன்றாக நிற்கிறார்கள். தற்செயலா, ஏற்பாடா? விமர்சனம் முழுக்கவும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் சுழல்கிறது.

பதிவுக்கூடத்தில் நடந்ததாக ஒரு விஷயம் சொல்லப்படுகிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சகோதரிகள் திடீரென்று நிறுத்தி, ஒருத்தி தப்புப் பண்ணிவிட்டாள், முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்பார்களாம். ஒலிப்பதிவு செய்தவர்களுக்குத் தலைசுற்றல். இதில் தப்பு எது, சரி எது? இதை எழுதுகிறவர்கள் எல்லாரும் நகைச்சுவையாகத்தான் எழுதுகிறார்கள். நாம் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு வழு, வழாநிலை, வழுவமைதி என்ற மூன்றும் தெரியும். வழாநிலை தெரியாதவருக்கு வழுவும் தெரியாது. பிழையைக் கண்டு நிறுத்துகிறவருடைய மனத்தில் பிழையில்லாத ஒரு வடிவம் இருந்தே ஆகவேண்டும். அதாவது அந்தப் பெண்களிடம் ஒரு இலக்கணம் இருந்தது. அது வெளியே செல்லுபடியாகாத இலக்கணமாக இருக்கலாம். ஆனால் மூன்று பேர் வருஷக்கணக்கில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து தினமும் உழைத்து உண்டாக்கிக்கொண்டது. இந்த உழைப்பை அவர்களைத் திட்டியவர்களும் எண்ணவில்லை, கொண்டாடியவர்களும் எண்ணவில்லை.

3

1969இல் காதில் ஏறாத தட்டு 1980இல் எப்படி ஏறியது? ‘என்ஆர்பிக்யூ’ குழுவின் டெர்ரி ஆடம்ஸும் டாம் ஆர்டொலினோவும் அதைக் கண்டெடுத்து, ரவுண்டர் நிறுவனத்தின் வழியாக மறுவெளியீடு செய்தார்கள். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் அதை அந்த ஆண்டின் சிறந்த மறுவருகை என்றது. 1981இல் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் லெஸ்டர் பேங்ஸ், இவர்கள் பீட்டில்ஸை விட மேல் என்று எழுதினார். வாசிக்கத் தெரியாது, ஆனால் சரியான மனப்பாங்கு இருக்கிறது, ராக் இசைக்கு அதுதான் உயிர் என்பது அவர் வாதம். (பீட்டில்ஸை விட மேல் என்று ஃப்ராங்க் ஸாப்பா சொன்னதாகவும் ஒரு பேச்சு உலவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. புகழ் வளர்கிற விதம் அப்படி.)

ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் எதிர்பார்ப்பின் தொடுவானம் என்று பேசுவது இந்த இடத்துக்குப் பொருந்தும். பிரதி மாறவில்லை, வாசகன் நிற்கும் இடம் மாறியிருக்கிறது. இடையில் 1976, 77இல் பங்க் வந்துவிட்டது. மூன்று கார்டு (chord) தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்றார்கள். 1979இல் லண்டன் பெண்களின் ‘ரெயின்கோட்ஸ்’ குழுவினுடைய முதல் தட்டு, ஆண்களின் தேர்ச்சி என்ற அளவுகோலையே கேள்விக்குள்ளாக்கியது. ஆக 1980இல் ஒரு விமர்சகனின் காதில் சுருதி விலகல் என்பது எதிர்ப்பின் அடையாளமாக ஏற்கெனவே பதிந்திருந்தது. அந்தக் காதோடு ஷாக்ஸைக் கேட்டவன், பங்க் திட்டமிட்டுச் செய்ததை இவர்கள் திட்டமில்லாமலே செய்துவிட்டார்கள் என்று பரவசப்பட்டான். தன் தலைமுறையின் கலகத்துக்கு ஒரு பூர்வகதை கிடைத்தது அவனுக்கு.

ஆனால் அந்தப் பரவசத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அவர்கள் தெரியாமல் செய்திருக்க வேண்டும். தெரிந்து செய்தால் அவர்களும் சாதாரணக் கலைஞர்களாகிவிடுவார்கள். ‘ரோலிங் ஸ்டோன்’ மதிப்புரை ஒன்று அவர்களை, மூளையில் அறுவை நடந்த ஒரு பாடும் குடும்பத்தோடு ஒப்பிட்டது. பாராட்டுக் கட்டுரையில் வந்த வாக்கியம் இது! திட்டியவன் ‘இவர்களுக்கு ஒண்ணும் தெரியாது’ என்றான். கொண்டாடியவன் ‘ஆகா, இவர்களுக்கு ஒண்ணும் தெரியாது’ என்றான். இலக்கணத்தில் வழுவமைதி என்பது பிழையைக் காரணம் காட்டி ஏற்றுக்கொள்வது. இங்கே காட்டப்பட்ட காரணம் அப்பாவித்தனம்.

4

அப்பாவித்தனம், தூய்மை, கலப்பின்மை என்ற இந்தச் சொல்லாடலை விமர்சகர்கள் கண்டுபிடிக்கவில்லை. தட்டின் பின்னட்டையிலேயே அது அச்சாகியிருக்கிறது. எழுதியவர் ஆஸ்டின் விக்கின். ஷாக்ஸ் உண்மையானவர்கள், தூய்மையானவர்கள், வெளிச் செல்வாக்கு எதுவும் படாதவர்கள் என்பது அவருடைய விளம்பரம். பதினோரு வருஷம் கழித்து, பெருநகரத்து எதிர்க்கலாச்சார இதழ்கள் அந்தத் தந்தையின் வாக்கியத்தை அப்படியே வாங்கிச் சொந்த அழகியலாக்கிக்கொண்டன. அதிகாரத்தை எதிர்க்கும் இசை என்று எதைக் கேட்டார்களோ, அதன் விளக்கவுரையை அதிகாரமே எழுதிக்கொடுத்திருந்தது.

அந்த வாக்கியம் உண்மையுமில்லை. சகோதரிகள் வானொலி கேட்டார்கள். ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸ், மங்கீஸ் என்று அந்தக் காலத்து வெகுஜனப் பாப் குழுக்களை விரும்பிக் கேட்டவர்கள் அவர்கள். டாட்டின் பாட்டுகள் அந்த வடிவத்தை நோக்கித்தான் கைநீட்டுகின்றன. வெளிச் செல்வாக்கு படாதவர்கள் என்பதற்குப் பதிலாக, வெளியே விடப்படாதவர்கள் என்று வாசித்தால் விஷயம் துலங்கும். பள்ளியை விட்டு நிறுத்தியதும், சிநேகிதத்தைத் தடுத்ததும் சேர்ந்து உற்பத்தி செய்த பண்டம்தான் அந்தத் தூய்மை. 28 வயதில் ஹெலன் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு, அப்பாவிடம் சொல்லப் பயந்து சில மாதங்கள் பெற்றோர் வீட்டிலேயே இருந்தார் என்பதை, 1999இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் சூசன் ஆர்லீன் எழுதிய கட்டுரை வெளிக்கொண்டுவந்தது. கலகக்காரக் காதுகள் விடுதலை என்று கேட்டது, அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வந்த சத்தம்.

இதே தூய்மையை 1940களில் ழான் துபுஃபே ‘ஆர் ப்ரூட்’ என்ற பெயரில் ஓவியத்தில் தேடினார். 2000இல் இர்வின் சூசிட் எழுதிய நூல், ‘வெளியாள் இசை’ என்ற வகைக்குள் ஷாக்ஸை முன்வரிசையில் உட்காரவைத்தது. யாருக்கு வெளியே? பெயர் வைக்கிறவனுக்கு வெளியே. விளிம்பைக் கொண்டாடுகிறேன் என்று சொல்லும்போதே மையத்தில் தன் நாற்காலியை அவன் உறுதிப்படுத்திக்கொள்கிறான். விளிம்புநிலை அழகியல் பேசும் நாமும் இதில் கவனமாக இருக்கவேண்டியிருக்கிறது.

5

இதற்கு ஒரு நிரூபணம் இருக்கிறது. 1975 வரையிலான, அதுவரை வெளிவராத பதிவுகள் ‘ஷாக்ஸ் ஓன் திங்’ என்ற தொகுப்பாக 1982இல் வந்தன. அதில் சகோதரிகள் தேறியிருக்கிறார்கள். சுருதி ஓரளவு சேர்கிறது, தாளம் ஓரளவு நிற்கிறது, ‘கார்பென்டர்ஸ்’ பாட்டு ஒன்றைக்கூடப் பாடுகிறார்கள். அந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொற்பம். கற்றுக்கொண்டவுடன் காதல் தீர்ந்துபோனது. கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த தட்டுகளின் பட்டியலில் ஐந்தாவதாக எழுதிவைத்ததும் முதல் தட்டைத்தான்.

அப்படியானால் அவர்கள் வெறும் பலிகடாக்கள், அந்தத் தட்டு ஒரு கொடுமையின் ஆவணம், அவ்வளவுதானா? அப்படிச் சொல்வதும் அவர்களை இன்னொரு முறை ஊமையாக்குவதாகவே முடியும். பாட்டுகள் அப்பா எழுதியவை அல்ல. பன்னிரண்டு தலைப்புகளைப் படித்துப் பாருங்கள்: நான் ஏன் இப்படி உணர்கிறேன், நான் என்ன செய்யவேண்டும், பெற்றோர் என்போர் யார், எனக்குள் எழும் யோசனைகள். கேட்டுக்கொண்டே இருக்கிறாள் டாட். பெற்றோர் பற்றிய பாட்டு, பெற்றோர்தான் எப்போதும் அக்கறையுள்ளவர்கள் என்ற விடையைச் சொல்கிறது. அந்த வீட்டில் வேறு எந்த விடையைப் பாடமுடியும்? ஆனால் விடை தெரிந்த ஒன்றைக் கேள்வியாக்கித் தலைப்பில் வைக்கவேண்டிய தேவை ஏன் வந்தது? ‘மை பால் ஃபுட் ஃபுட்’ என்ற பாட்டு, ஊர்சுற்றப் பிரியப்படும் ஒரு பூனையைத் தேடுவது. குழந்தைப் பாட்டு என்று அதை ஒதுக்கியவர்களும் ரசித்தவர்களும், பாடுகிறவள் வீட்டைவிட்டு நகர முடியாதவள் என்பதைச் சேர்த்துக் கேட்கவில்லை.

2013இல், அறுபது வயதைக் கடந்தபின், டாட் தன் பெயரில் ஒரு குழுவோடு புதிய தட்டு வெளியிட்டார். 2017இல் மாசசூசெட்ஸில் நடந்த ‘சாலிட் சவுண்ட்’ இசைவிழாவில் டாட்டும் பெட்டியும் மேடையேறினார்கள். (ஹெலன் 2006இல் இறந்துவிட்டார்.) பின்னணியில் தேர்ந்த கலைஞர்கள். அந்த விலகல்களைத் தேர்ந்த கைகள் மறுபடி வாசிக்கவேண்டுமானால் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படித்தாக வேண்டும். தற்செயல் என்று சொல்லப்பட்டது அப்படித்தான் பாடமாகிறது.

எனவே அந்தப் பழைய தட்டை இன்று கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்தான். பின்னட்டையைப் படிக்காதீர்கள். பாட்டு நடுவில் நிறுத்தி, தப்பாகிவிட்டது, மறுபடி எடுக்கலாம் என்று சொன்ன அந்தப் பெண்ணை நம்பிக் கேட்க ஆரம்பியுங்கள். அவள் சரி என்று விட்டதுதான் தட்டில் இருக்கிறது.