பின்வாங்கும் கடாவும் கூவும் கூட்டமும்



புறநானூற்றிலே ஒரு மற்போர் நடக்கின்றது. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத போர் அது. 80ஆம் பாடலில் சாத்தந்தையார், பக்கத்தில் நின்று பார்த்தவர் போல அதனை வருணிக்கின்றார். அந்தக் கிள்ளியை விரும்பிய நக்கண்ணையாரின் பாடல்கள் 83 முதல் 85 வரை உள்ளன. 85ஆம் பாடலிலே ஊர் இரண்டுபட்டு நிற்கின்றது. வெற்றி அவனுக்கே என்கின்றார் ஒரு சாரார். இல்லை என்கின்றார் மறு சாரார். நக்கண்ணையாரோ தம் வீட்டுப் பனையோடு சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தாமே காண்கின்றார்.

உயர்தர வகுப்பிலே இதனை நான் சொன்னபோது, குத்துச்சண்டையில் பித்துக்கொண்ட மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், வென்ற பிறகும் சனம் ஒத்துக்கொள்ளாட்டி, அந்த வெற்றியால என்ன பிரயோசனம்?” என்று கேட்டான். அவன் மனதில் இருந்தவர் உக்ரேன் நாட்டு விளாடிமிர் கிளிட்ச்கோ.

கிளிட்ச்கோ ஆறரை அடி உயரமானவர். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 2006 ஏப்ரல் முதல் 2015 நவம்பர் வரை, ஒன்பதரை ஆண்டுகள், அதிபார எடைப் பிரிவில் உலகப் பட்டத்தைக் கைவிடாதவர். இடக்கையை நீட்டி நேர்க்குத்துக்களால் எதிராளியைத் தூரத்திலேயே நிறுத்துவார். அவன் நெருங்கினால் கட்டிப்பிடித்து, தமது பாரத்தை அவன் மேல் சாய்த்துவிடுவார். 2008 பெப்ரவரியில் நியூயோர்க் நகரில் சுல்தான் இப்ராகிமோவை 12 சுற்றுக்களிலும் இவ்வாறே மடக்கி வென்றார். பார்வையாளரோ கூச்சலிட்டு எள்ளினர். 2013இல் மொஸ்கோவில் பொவெத்கினை நான்கு தடவை விழுத்தினார். பலருக்கும் நினைவில் நின்றது அந்தக் கட்டிப்பிடித்தல்தான். ஜேர்மனியிலோ அதே மனிதருக்காகக் காற்பந்தாட்ட அரங்கங்கள் நிரம்பின. ஆமூரைப் போலவே உலகமும் இரண்டுபட்டு நின்றது.

நானும் அன்று எள்ளியவர்களின் பக்கம்தான். தேநீர்க்கடையிலே நண்பர்களோடு, “கட்டிப்பிடிச்சுக் கட்டிப்பிடிச்சே வென்றுபோட்டான்” என்று சிரித்தவன்.

அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. 2003இல் கொரி சாண்டர்ஸ் அவரை இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்தினார். 2004இல் லமோன் புரூஸ்டர் ஐந்தாம் சுற்றில் வீழ்த்தினார். அந்த இரண்டாம் வீழ்ச்சியின்போது பக்கத்தில் நின்ற பயிற்றுநர் இம்மானுவேல் ஸ்டுவர்ட்தான் பின்னர் அவரை மறுபடி கட்டியெழுப்பியவர். அடிபட்ட இடத்திலிருந்தே அந்த நீண்ட இடக்கை முளைத்தது.

திருக்குறளின் ‘காலமறிதல்’ அதிகாரத்திலே வள்ளுவர் ஒரு சண்டைக் கடாவைக் காட்டுகின்றார். அது பின்வாங்குவது பாய்வதற்காகவே. கிளிட்ச்கோ வென்ற 64 போட்டிகளில் 53, எதிராளி தொடர முடியாமல் முடிந்தவை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. கடா பாய்ந்துதான் இருக்கின்றது. ஆனால் 2015இல் டைசன் பியூரிக்கு எதிரே அது பின்வாங்கியபடியே நின்றுவிட்டது. 12 சுற்றுக்களும் தருணம் பார்த்தே கழிந்தன, பட்டமும் போயிற்று. ஆகவே கூவியவர்கள் முற்றிலும் தவறானவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. காவல் ஒரு வழக்கமாக இறுகிவிட்டால் கையையும் அது கட்டிப்போட்டுவிடும்.

2017 ஏப்ரல் 29ஆந் திகதி லண்டன் வெம்பிளி அரங்கில், ஏறத்தாழ 90,000 பேர் முன்னிலையில், 41 வயதிலே அந்தனி ஜோசுவாவை எதிர்த்தார். ஐந்தாம் சுற்றில் விழுந்தார், எழுந்தார். ஆறாம் சுற்றில் ஜோசுவாவை விழுத்தினார். பதினோராம் சுற்றில் தோற்றார். ஒன்பதரை ஆண்டு வெற்றிகள் ஈட்டித்தராத அன்பை அந்த ஒரு தோல்வி ஈட்டித்தந்தது. அடுத்த நாள் அந்தப் போட்டியைக் கைப்பேசியிலே பார்த்தபோது எனக்கும் கண் கலங்கியது.

ஆயினும் அந்தக் கலக்கத்தின் ஊடே எனக்கு நினைவில் வந்தவர் என் மாமா. நிலாவெளிக் கரையிலே வாடைக்காற்றுக் காலத்தில், கடலை ஒருதரம் பார்த்துவிட்டு வள்ளத்தைத் திரும்பக் கரையேற்றிவிடுவார். இளந்தாரிகள் சிரிப்பார்கள். சிறுவனாகிய நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கின்றேன். நான் பிறப்பதற்கு முன்னரே, அப்படியொரு வாடைக் காலத்தில், தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவர் அவர் என்பதை வளர்ந்த பின்னரே அறிந்தேன். மாமி ஒருநாளும் சிரித்ததில்லை. வள்ளம் கரையேறும் சத்தம் கேட்டதும் அடுப்பை மூட்டுவார்.

கூட்டம் கேட்பது ஆபத்தை. அந்த ஆபத்தின் விலையைக் கொடுப்பவரோ கூட்டத்தில் இருப்பதில்லை. நக்கண்ணையாரும் கூவும் கூட்டத்தில் நிற்கவில்லை; வீட்டுப் பனையடியிலே நின்றார்.

மாணவனுக்கு மறுநாள் இதைத்தான் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “அப்ப சேர், உங்கட மாமாவிட்ட நீங்கள் மன்னிப்புக் கேட்டனீங்களோ?” என்றான். மாமா காலமாகிப் பல வருடங்கள். இந்த வானொலி உரையை அவருக்கே சமர்ப்பிக்கின்றேன்.