யாரோ வாங்கிய கடனுக்கு உங்களுக்குப் போன் வருகிறதா?

"உங்க மச்சான் கடன் கட்டல. நீங்களாவது கட்டுங்க. இல்லன்னா வீட்டுக்கு ஆள் வரும்." இப்படி ஒரு போன் வந்தால் நம்மில் பலர் முதலில் பயப்படுகிறோம். அடுத்து, விஷயம் வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே என்று கையில் இருப்பதைக் கொடுத்து வாயை அடைக்கப் பார்க்கிறோம். ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, பெண்களும் முதியவர்களும் மட்டும் இருக்கும் வீடுகளில் இந்தப் பயம் இன்னும் அதிகம். கடன் வசூல் செய்பவர்கள் நம்பியிருப்பதும் இந்தப் பயத்தைத்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கடன் வாங்கியவருக்கு உறவினராக இருப்பதாலோ, அவருடைய போனில் உங்கள் எண் இருப்பதாலோ நீங்கள் கடனாளி ஆகிவிட மாட்டீர்கள். இந்த அழைப்புகளை நிறுத்த வழி இருக்கிறது.

உங்கள் எண் எப்படிக் கிடைத்தது?

பெரும்பாலும் நான்கு வழிகளில் கிடைத்திருக்கும். கடன் விண்ணப்பத்தில் 'ரெஃபரன்ஸ்' என்ற இடத்தில் உங்கள் எண்ணை அவர் எழுதியிருப்பார். அல்லது, அவர் போனில் இறக்கிய கடன் செயலி அதிலிருந்த எண்கள் அனைத்தையும் எடுத்திருக்கும். அல்லது, நீங்கள் புதிதாக வாங்கிய சிம் எண் முன்பு கடனாளி ஒருவரிடம் இருந்திருக்கும். நான்காவதுதான் ஆபத்தானது: உங்கள் ஆதார், பான் நகலை வைத்து உங்கள் பெயரிலேயே யாரோ கடன் வாங்கியிருப்பார்கள். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்ய முடியும்.

யார் பொறுப்பு, யார் பொறுப்பல்ல?

ரெஃபரன்ஸ் என்பது ஆளைத் தெரியும் என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஜாமீன் கையெழுத்து அப்படியல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டவருக்கும் பொறுப்பு உண்டு. மகளிர் குழுக் கடனில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் வழக்கம் இருப்பதால், அந்தப் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். நீங்கள் எதிலும் கையெழுத்திடவில்லை என்றால், கணவன், மனைவி, அண்ணன், தம்பி என்ற உறவு மட்டும் உங்களைக் கடனாளி ஆக்காது.

கடனாளி மவ்த்தாகிவிட்டால்? அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து கடனை அடைத்த பிறகே பாகப்பிரிவினை என்பது நம் மார்க்கச் சட்டம். நாட்டின் சட்டத்திலும் வாரிசின் பொறுப்பு அவர் கைக்கு வந்த சொத்தின் அளவோடு நின்றுவிடும். சொத்தே வராத பிள்ளையிடம், "உங்க வாப்பா கடன், நீதான் கட்டணும்" என்று சொல்லி அவர் சம்பாத்தியத்தைக் கேட்க முடியாது. பிள்ளை தானாக விரும்பி அடைப்பது வேறு விஷயம். அது அவருடைய நன்மை. வசூல்காரரின் உரிமை அல்ல.

ரிசர்வ் வங்கி என்ன சொல்கிறது?

2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, கடன் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்கிறது. மிரட்டுதல், பொதுவில் அவமானப்படுத்துதல், கடனாளியின் குடும்பத்தினர், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள், நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுதல், பெயர் சொல்லாமல் அழைத்தல் எல்லாவற்றையும் அது தடுக்கிறது. முகவர் செய்யும் தவறுக்கு அவரை அனுப்பிய வங்கியோ நிதி நிறுவனமோதான் பொறுப்பு. நுண்கடன்களுக்கு நேரம் இன்னும் குறைவு: காலை 9 முதல் மாலை 6 வரை மட்டுமே. கடனாளியின் உறவினர்களையும் உடன் வேலை செய்பவர்களையும் தொல்லை செய்யக் கூடாது என்றும் அந்த விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன.

கடன் செயலிகள் போனிலுள்ள தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் எடுக்கக் கூடாது என்பதும் 2022 முதல் விதியாக உள்ளது. அனுமதி பெற்ற நிறுவனங்களோடு இணைந்து செயல்படும் செயலிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்துள்ளது. அதில் இல்லாத செயலி என்றால் உஷாராகிவிடுங்கள்.

போனில் என்ன பேசுவது?

குறைவாகப் பேசுங்கள். அழைப்பவரின் பெயர், ஏஜென்சி, எந்த வங்கி அல்லது நிறுவனத்துக்காகப் பேசுகிறார் என்பதைக் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு, "இந்தக் கடனுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. இனி இந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள்" என்று ஒரு முறை சொல்லி வைத்துவிடுங்கள். வாக்குவாதம் வேண்டாம், வசைச்சொல் வேண்டாம்.

சொல்லக் கூடாதவை: உங்கள் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், ஓ.டி.பி., கடனாளியின் தற்போதைய முகவரி. முக்கியமாக, "சரி, நான் பார்த்துக்கறேன்", "நான் கட்டிடறேன்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். ஒப்பந்தச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி ஜாமீன் வாய்மொழியாகவும் இருக்கலாம். அந்தப் பேச்சை வைத்து உங்களைச் சிக்க வைக்க இடம் கொடுக்கக் கூடாது. "தொல்லை நிற்கட்டும்" என்று சிறு தொகை அனுப்புவதும் வேண்டாம். பணம் வரும் இடம் என்று தெரிந்தால் அழைப்பு கூடுமே தவிரக் குறையாது.

எழுத்தில் கொடுங்கள்

போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ஏஜென்டிடம் மன்றாடுவதை விட, கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். அவருடைய முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். இப்படி எழுதலாம்:

"____ என்பவரின் கடன் தொடர்பாக, ____ என்ற எண்ணிலிருந்து ____ ஆகிய தேதிகளில் எனக்கு அழைப்புகள் வந்தன. நான் இக்கடனைப் பெற்றவரோ, இணைக் கடனாளியோ, ஜாமீன்தாரரோ அல்ல. என் எண்ணை உங்கள் பதிவுகளிலிருந்தும் வசூல் முகவர்களின் பட்டியலிலிருந்தும் நீக்கி, அதை எழுத்து மூலம் உறுதி செய்ய வேண்டுகிறேன். இனியும் அழைப்பு வந்தால், வசூல் முகவர்கள் குறித்த ரிசர்வ் வங்கி விதிகளின் கீழும் காவல்துறையிலும் முறையிடுவேன்."

அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகளை இணைத்து, ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

அதன் பிறகும் நிற்காவிட்டால்

30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது. இந்த ஏற்பாடு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கானது. ஆகவே கடன் வாங்கியவர் உங்கள் குடும்பத்தவர் என்றால், "என் உறவினர்களைத் தொல்லை செய்கிறார்கள்" என்று அவர் பெயரிலேயே முறையீடு போகட்டும். அனுமதியே இல்லாத நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் புகார் செய்யலாம்.

மிரட்டல், ஆபாசப் பேச்சு, படத்தை மாற்றிப் பரப்புவோம் என்ற அச்சுறுத்தல் இருந்தால் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் கொடுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930-க்கு அழையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 351-ஆம் பிரிவின்படி மிரட்டல் குற்றம். பெயரை மறைத்து மிரட்டினால் தண்டனை கூடும். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் உள்ளது. கடனாளியையும் குடும்பத்தினரையும் வன்முறையாலும் தொல்லையாலும் நெருக்கி வசூலிப்பதைத் தடுக்கும் தனிச் சட்டத்தையும் 2025-இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. தனியாகப் போகத் தயங்கும் பெண்கள் ஜமாஅத் நிர்வாகிகளையோ தெரிந்த வழக்கறிஞரையோ அழைத்துச் செல்லலாம்.

உங்கள் பெயரிலேயே கடன் இருந்தால்

சந்தேகம் இருந்தால் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களிலும் உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். நீங்கள் வாங்காத கடன் இருந்தால், காவல்துறைப் புகாரின் நகலோடு அந்த அறிக்கை நிறுவனத்திலும் கடன் கொடுத்த நிறுவனத்திலும் மறுப்புத் தெரிவியுங்கள். 30 நாளுக்குள் சரி செய்யாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம்.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது கடமை. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. உறவினர் சிரமத்தில் இருந்தால் அவரோடு உட்கார்ந்து பேசி, தவணையை மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேட்க உதவலாம். முடிந்தவர் பணமும் கொடுக்கலாம். ஆனால் அது நாமாக எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். போனில் வந்த மிரட்டலுக்குப் பயந்து எடுத்த முடிவாக இருக்கக் கூடாது. இதை வீட்டில் உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லி வையுங்கள். அடுத்த போனை எடுப்பது அவர்களாக இருக்கலாம்.